பல்கலைக்கழக நூலகத்தில் காமிக்ஸை எங்கே வைப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் காமிக்ஸும் கிராஃபிக் நாவல்களுமாகச் சுமார் 400 பிரதிகள் இருக்கின்றன. கொஞ்சம் ஓவிய அடுக்கில், கொஞ்சம் இலக்கியத்தில், கொஞ்சம் வரலாற்றில் சிதறிக் கிடக்கின்றன. நன்கொடையாக வந்த பழைய மாத இதழ்கள் இரண்டு பெட்டி, இன்னும் பிரிக்கப்படவே இல்லை. அடுத்த பருவத்தில் இலக்கியத் துறை காமிக்ஸ் பற்றி ஒரு பாடம் தொடங்குகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

நூல் எந்த அடுக்கில் நிற்க வேண்டும் என்று காட்டும் பகுப்பெண்ணை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பலரும் நேராக அதற்குள் போய்த்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நான் இந்த வேலையை முதன்முதலில் எடுத்தபோது மூன்று வாரம் அதிலேயே போனது, அடுக்கில் ஒரு புத்தகமும் இடம் மாறவில்லை. அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரதியையும் கையில் எடுத்துக் கேளுங்கள்: இது படிப்பதற்காக இங்கே இருக்கிறதா, சான்றாக இருக்கிறதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இரவல், ஒட்டுச்சீட்டு, பைண்டிங், பெட்டி, அறையின் வெப்பம் எல்லாவற்றுக்கும் பாதிப் பதில் கிடைத்த மாதிரி.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரே கதை நம்மிடம் இரண்டு உருவத்தில் வந்து சேரும். ஒன்று, மாதாமாதம் வந்த மெல்லிய இதழ். நடுவில் பின் அடித்தது, செய்தித்தாள் ரகக் காகிதம், இடையிடையே விளம்பரம், எங்கோ ஒரு பக்கத்தில் வாசகர் கடிதங்கள். இன்னொன்று, அப்படிப்பட்ட ஐந்தாறு இதழ்களைச் சேர்த்து முதுகு ஒட்டி வெளியிட்ட தொகுப்பு. தொகுப்பில் கதை முழுசாக இருக்கும். ஆனால் விளம்பரங்கள் இருக்காது, கடிதப் பக்கம் இருக்காது, பல சமயம் வண்ணம்கூட மறுபடி போடப்பட்டிருக்கும். கதையைப் படித்துவிட்டு வகுப்பில் பேச வேண்டிய மாணவருக்குத் தொகுப்பு தாராளமாகப் போதும். 1950களில் சிறுவர்களுக்கு எதையெல்லாம் விற்றார்கள், வாசகர்கள் ஆசிரியருக்கு என்ன எழுதினார்கள் என்று ஆராய்கிறவருக்கு அதில் ஒன்றுமே கிடைக்காது. அவருக்கு அந்தப் பழைய இதழ்தான் வேண்டும். ஆகவே தொகுப்புகள் திறந்த அடுக்குக்கும் இரவலுக்கும். பழைய இதழ்கள் பூட்டிய அறைக்கும், அங்கேயே உட்கார்ந்து படிக்கும் மேசைக்கும். முந்தையது கிழிந்தால் இன்னொன்று வாங்கலாம். பிந்தையது போனால் போனதுதான்.

பெரிய இடங்கள் இதை அழகாகச் செய்கின்றன. ஜப்பானில் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகமும் கியோட்டோ நகரமும் சேர்ந்து 2006-ல் திறந்த மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) அருங்காட்சியகத்தில் சுமார் 3 லட்சம் பொருட்கள் இருக்கின்றன. அதில் ஏறக்குறைய 50,000 தொகுதிகளைச் சுவரோரம் நீள அடுக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். பழையவையும் அரியவையும் ஆய்வாளர்கள் கேட்டால் மட்டும் உள்ளேயிருந்து வரும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலகர் கேரன் கிரீன் 2005-ல் கிராஃபிக் நாவல் சேகரிப்பைத் தொடங்கியபோது, மாணவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் சேகரிப்பாகத்தான் தொடங்கினார். எழுத்தாளர்களின் கையெழுத்துப்படிகளும் கடிதங்களும் பிற்பாடு வந்தபோது அவை அரிய நூல் பிரிவுக்குப் போயின. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறான பாதையில் வந்தது. 1970களில் தொடங்கி 3 லட்சத்துக்கும் மேல் சேர்த்த அந்தச் சேகரிப்பு அரிய பொருட்களுக்கான சிறப்புப் பிரிவில் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். இரண்டு பாதையும் சரிதான். எந்தப் பிரதி எந்தப் பாதைக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைப்பதுதான் தவறு.

சான்று என்ற சொல்லை நான் இவ்வளவு அழுத்துவதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நூலகங்கள் பைண்டு செய்த பழைய செய்தித்தாள்களை நுண்படச் சுருளுக்கு (மைக்ரோஃபிலிம்) மாற்றிவிட்டுத் தாள்களைக் கழித்துக்கட்டின. சுருளோ கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கத்தில் வந்த சித்திரக்கதைகளில் வண்ணம் முழுக்கப் போயிற்று. பில் பிளாக்பியர்ட் என்ற ஒருவர் இதைப் பார்த்துத் தவித்தார். தனி ஆளுக்கு நூலகங்கள் அந்தத் தாள்களைக் கொடுக்காது. அதனால் 1968-ல் சான் பிரான்சிஸ்கோ காமிக் கலைக் கழகம் என்று லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கி, அதன் பெயரில் வாங்கி வாங்கித் தன் வீட்டையே நிரப்பினார். 1998-ல் அது ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கார்ட்டூன் நூலகத்துக்குப் போனபோது 75 டன் எடை, ஆறு பெரிய லாரிகள். எண்ணிக்கையில் சுமார் 25 லட்சம் நறுக்குகளும் பக்கங்களும். சித்திரக்கதை ஓவியர் மில்டன் கேனிஃபின் ஆவணங்களோடு 1977-ல் தொடங்கிய அந்த நூலகம் இன்று இந்தத் துறை ஆய்வாளர்கள் தேடிப் போகும் முக்கியமான இடம். நூலகங்கள் வேண்டாம் என்று தள்ளியதைத்தான் இன்று இன்னொரு நூலகம் பொன்போலக் காக்கிறது. உங்கள் இரண்டு நன்கொடைப் பெட்டிகளைக் 'கிழிசல்' என்று ஒதுக்கும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது பகுப்பெண்ணுக்கு வருவோம். டூயி தசமப் பகுப்பில் காமிக்ஸுக்கு 741.5. அதாவது கலை வகுப்பில், வரைதலுக்குக் கீழே. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பகுப்பில் பி.என். 6700 முதல் 6790 வரை, அதாவது இலக்கியத்தில். ஜப்பானிய தசமப் பகுப்பில் மாங்காவுக்கு 726.1. வடிவத்தைப் பார்த்து இப்படி ஒரு எண், பேசும் விஷயத்தைப் பார்த்து வேறொரு எண் என்று இழுபறி வரும்போதுதான் சிதறல் தொடங்குகிறது. எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்'. தன் தந்தை நாஜி முகாம்களில் உயிர் பிழைத்த வரலாற்றை அவர் இரண்டு பாகமாக, 1986-லும் 1991-லும் வெளியிட்டார். 1992-ல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் அதைப் புனைவு என்று போட்டார்கள். இது என் தந்தையின் வாழ்க்கை என்று ஸ்பீகல்மன் கடிதம் எழுதிய பிறகு அபுனைவுக்கு மாற்றினார்கள். நூலகங்களிலும் அதே குழப்பம்தான். சிலவற்றில் 741.5-ல் இருக்கும், சிலவற்றில் 940.53-ல் இரண்டாம் உலகப்போர் வரலாற்றோடு இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், திறந்த அடுக்கில் இருப்பவற்றை ஒரே இடத்தில் சேருங்கள். காமிக்ஸ் படிக்கிறவர்கள் பெரும்பாலும் அடுக்கு முன் நின்று புரட்டித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தின் பாணி பிடித்திருக்கிறதா என்பது பட்டியலில் தெரியாது, பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். நான்கு மாடியில் சிதறிக் கிடந்தால் அந்தப் புரட்டல் நடக்காது. வாசகரின் நேரத்தைச் சேமி என்று 1931-ல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வகுத்த விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. வரலாற்று மாணவர் இழந்துவிடுவாரே என்றால், அவருக்குப் பட்டியல் உதவட்டும். பொருள் தலைப்பை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் போர் என்று தேடுகிறவருக்கு அது வந்து நிற்கும். எண் ஒரு நூலை ஓர் இடத்தில்தான் வைக்க முடியும், பொருள் தலைப்பு அதைப் பத்து இடத்தில் காட்டும்.

ஒரே ஒரு விலக்கு வைத்துக்கொள்வேன். மருத்துவக் கல்லூரிக்குத் தனி நூலகம் இருந்தால், நோயாளிகளும் மருத்துவர்களும் தங்கள் அனுபவத்தை வரைந்த நூல்களை அங்கேயே வையுங்கள். இயன் வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 2007-ல் இதற்குக் கிராஃபிக் மெடிசின் என்று பெயர் வைத்தார். இப்போது மருத்துவ மாணவர்களின் பாடத்திலேயே அது இருக்கிறது. அந்த மாணவர்கள் தங்கள் நூலகத்தை விட்டு மைய நூலகத்தின் ஓவிய அடுக்குக்கு வரமாட்டார்கள்.

741.5-க்குள் எப்படி வரிசைப்படுத்துவது? ஒருவரே எழுதி வரைந்த தனி நூல் என்றால் அவர் பெயரில். பல ஆண்டுகளாக ஓடும் தொடர் என்றால் தொடரின் பெயரில். ஏனென்றால் தொடரில் எழுத்தாளர் மாறுவார், ஓவியர் மாறுவார். எழுத்தாளர் பெயரில் அடுக்கினால் நான்காம் பாகம் ஓர் அடுக்கிலும் ஐந்தாம் பாகம் அடுத்த அடுக்கிலும் போய் நிற்கும். நாட்டைக் காட்ட 741.5973 என்றோ 741.5952 என்றோ நீட்டுவது பெரிய சேகரிப்புக்கு நல்லது. ஆனால் எழுத்தாளர் ஒரு நாடு, ஓவியர் இன்னொரு நாடு, பதிப்பகம் மூன்றாவது நாடு என்று வரும். எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதி ஒட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு எண் கொடுப்பார்கள். 400 பிரதிக்கு நாடு பிரிக்காமலே விட்டாலும் குறையொன்றும் இல்லை.

பட்டியலாக்கத்தில்தான் நிறைய உழைப்பு. அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். வெளியிலிருந்து இறக்கும் பதிவுகளில் பல நேரம் எழுத்தாளர் பெயர் மட்டும்தான் இருக்கும். காமிக்ஸில் பென்சில் போடுகிறவர், மை போடுகிறவர், வண்ணம் தீட்டுகிறவர், எழுத்து வரைகிறவர் என்று தனித்தனி ஆட்கள். ஓவியரைத் தேடித்தான் பாதி ஆய்வாளர்கள் வருகிறார்கள். மார்க் பதிவில் (நூலகக் கணினிப் பட்டியலின் பொது வடிவம், அதில் ஒவ்வொரு தகவலுக்கும் எண்ணிட்ட ஒரு புலம்) 700 புலத்தில் ஒவ்வொருவருக்கும் பெயரும் பங்கும் கொடுங்கள். 655 புலத்தில் காமிக்ஸ் என்றோ கிராஃபிக் நாவல் என்றோ வகைச்சொல் கட்டாயம். அது இருந்தால்தான் எந்த எண்ணில் இருந்தாலும் முழுச் சேகரிப்பையும் ஒரே தேடலில் இழுக்க முடியும். சிதறிக் கிடக்கும் உங்கள் 400-ஐயும் அடுக்கிலிருந்து நகர்த்தும் முன்பே, இந்த ஒரு புலத்தை நிரப்பிவிட்டால் பாடம் தொடங்கும் நாளுக்குத் தேடல் தயாராகிவிடும். எந்த இதழ்கள் சேர்ந்த தொகுப்பு என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். '1 முதல் 6 வரையிலான இதழ்கள்' என்ற ஒரு வரி ஆய்வாளருக்கு ஒரு நாளை மிச்சமாக்கும்.

அப்புறம் இந்தத் தொடர் எண் விவகாரம். வெற்றிகரமாக ஓடும் தொடரைப் பதிப்பகங்கள் திடீரென்று மறுபடி 1-லிருந்து தொடங்கும். ஒரே பெயரில், ஒரே கதாநாயகனோடு மூன்று '1-ஆம் பாகம்' உங்கள் அடுக்கில் நிற்கும். தொடங்கிய ஆண்டைத் தொடர் பெயரோடு சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும். மாங்கா போல ஒவ்வொரு பாகத்துக்கும் எண் மட்டும்தான், தனித் தலைப்பு இல்லை என்றால் முழுத் தொடருக்கும் ஒரே பதிவு, அதன்கீழ் பாகங்கள் என்று வையுங்கள். ஆனால் நூலக மென்பொருளில் முன்பதிவைக் குறிப்பிட்ட பிரதிக்கே செய்யும் வசதியை இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 7-ஆம் பாகம் கேட்டவருக்கு 2-ஆம் பாகம் எடுத்து வைக்கப்படும். பாகத்துக்குப் பாகம் தலைப்பும் ஆளும் மாறுகின்ற தொடருக்குத் தனித்தனிப் பதிவு போட்டு, தொடரின் பெயரைத் தாங்கும் 490, 830 புலங்களால் கோத்துவிடுங்கள்.

கையாளும் வேலையில் சின்னச் சின்ன விஷயங்கள் பெரிய சேதத்தைத் தவிர்க்கும். ஜப்பானிய வரிசையிலேயே அச்சான மாங்கா வலமிருந்து இடமாகப் போகும், நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் அதன் முன்னட்டை. வழக்கம்போல ஒட்டினால் பட்டைக்குறி அட்டை ஓவியத்தின் மேல் உட்கார்ந்துவிடும். முத்திரையைப் படத்தின் மேல் குத்தாதீர்கள், உள்பக்கத்தில் வெற்று ஓரம் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கு விரியும் படங்கள் நடு மடிப்பு வரை வரையப்பட்டிருக்கும். முதுகு பிய்ந்த பிரதியை ஓரத்தில் தைத்து பைண்டு செய்தால் அந்த மடிப்போரம் முழுக்க விழுங்கப்பட்டுவிடும், சில நேரம் வசனமே போய்விடும். பக்கங்களை விசிறிபோல் வளைத்து இருபுறமும் பசை ஏற்றும் முறையில் பைண்டு செய்யச் சொல்லுங்கள், அதற்கு ஓரம் அதிகம் தேவையில்லை. தொகுப்பு வாங்கும்போதே கெட்டி அட்டைப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இவை வேகமாகத் தேயும், ஏனென்றால் ஒரு பிரதி மேசையில் விரித்தபடியே பலர் கை மாறும்.

பழைய இதழ்களுக்கு எதிரி அவற்றின் காகிதமேதான். செய்தித்தாள் ரகக் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் நிறைய இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது அமிலமாக மாறி, தாள் மஞ்சளித்து நொறுங்கும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, பின்னால் கால்சியம் கார்பனேட் சேர்த்த காரத்தன்மையுள்ள அட்டை ஒன்று வையுங்கள். அட்டை இல்லாமல் வெறும் உறையில் அடைத்தால் அமிலம் உள்ளேயே தேங்கிச் சேதம் கூடலாம். பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், அதிலிருந்தே அமிலம் கசியும். அமிலமற்ற பெட்டியில் நிமிர்த்தி, சாயாத அளவுக்கு நிறைத்து வையுங்கள். வெப்பம் 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள். இரண்டும் நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருப்பது இன்னும் முக்கியம்.

எதை வாங்குவது என்பதில் பாடத்திட்டம்தான் முதல் அளவுகோல். ஆசிரியரிடம் நேரில் போய்ப் பட்டியலை வாங்குங்கள், ஒரு தொடரில் மூன்றாம் பாகம் மட்டும் பாடம் என்றாலும் முதல் பாகத்திலிருந்து வாங்குங்கள். பல தொகுப்புகள் சீக்கிரம் அச்சில் இல்லாமல் போகும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பாகம் கிடைக்காது. பிறகு காமிக்ஸுக்கென்று அமெரிக்காவில் 1988 முதல் வழங்கப்படும் ஐஸ்னர் விருதுப் பட்டியல், பிரான்சில் 1974-ல் தொடங்கிய அங்குலேம் காமிக்ஸ் விழாவின் விருதுப் பட்டியல் இரண்டையும் பாருங்கள். காமிக்ஸ் எப்படி இயங்குகிறது என்று பேசும் ஆய்வு நூல்களுக்கும் காசு ஒதுக்குங்கள், பாடம் நடத்துகிறவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

'பல்கலைக்கழகத்தில் காமிக்ஸா?' என்ற கேள்வி ஏதாவது ஒரு குழுக் கூட்டத்தில் கட்டாயம் வரும். இந்த ஐயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1954-ல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம், காமிக்ஸ் சிறுவர்களைக் குற்றத்துக்குத் தள்ளுகிறது என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்க செனட் துணைக்குழு விசாரித்தது, பதிப்பகங்கள் அதே ஆண்டில் தங்களுக்கே ஒரு தணிக்கைச் சட்டகம் போட்டுக்கொண்டன. வெர்தமின் ஆவணங்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருந்தன. 2010-ல் அவை திறக்கப்பட்டதும், நூலகவியல் பேராசிரியர் கேரல் டில்லி அவற்றைப் படித்து, வெர்தம் தன்னிடம் வந்த சிறுவர்களின் கூற்றுகளை மாற்றியும் திரித்தும் எழுதியிருந்ததை 2012-ல் ஆதாரத்தோடு காட்டினார். கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். கூடவே, நிக் சூசானிஸ் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டையே காமிக்ஸாக வரைந்து கொடுத்ததையும், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை 2015-ல் நூலாக்கியதையும் சொல்லுங்கள். அப்படி ஓர் ஆய்வேடு நாளை உங்கள் நூலகத்துக்கும் வரலாம்.

ஆட்சேபங்கள் வேறு விதத்திலும் வரும். ஒரு சொல் வாக்கியத்தில் இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள், அதையே படமாக வரைந்திருந்தால் புகார் வரும். சேர்க்கைக் கொள்கையை முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கி வைத்திருங்கள். புகார் எழுத்தில் வர வேண்டும், குழு முழு நூலையும் படித்த பிறகுதான் முடிவு, அதுவரை நூல் அடுக்கில் இருக்கும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். சிறுவர் நூல்களுக்குப் பக்கத்தில் இந்த அடுக்கை வைக்காதீர்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மின்வடிவம் பற்றிச் சுருக்கமாக. சந்தாவில் வருவது உங்கள் சேகரிப்பு ஆகாது. 2007-ல் தொடங்கிய காமிக்ஸாலஜி என்ற மின்காமிக்ஸ் தளத்தை 2014-ல் அமேசான் வாங்கியது, பிறகு அந்தச் செயலியையே தன் மின்னூல் செயலியான கிண்டிலுக்குள் கரைத்துவிட்டது. படிப்பதற்கு அது போதும், காப்பதற்கு ஆகாது. வாங்கும் முன் மூன்றைப் பரிசோதியுங்கள்: இரட்டைப் பக்கம் ஒன்றாகத் தெரிகிறதா, உரிமம் முடிந்தால் என்ன மிஞ்சும், பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் எதையாவது படித்துக் காட்டுகிறதா. மூன்றாவதில் பெரும்பாலான தளங்கள் மிகவும் பின்தங்கியிருக்கின்றன. அப்படிப்பட்ட மாணவர் பாடத்தில் சேர்ந்தால், வகுப்புக்கு வேண்டிய பக்கங்களுக்கு விவரணை எழுதும் வேலையை ஆசிரியரோடு சேர்ந்து பருவத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கே அரை மணி நேரம் பிடிக்கும்.

இந்த வாரம் அந்த இரண்டு பெட்டியையும் திறங்கள், ஆனால் மற்ற நூல்கள் இருக்கும் அறையில் வேண்டாம். பூச்சியோ பூஞ்சையோ இருந்தால் பரவிவிடும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நடுப்பக்கம் விரித்து, அங்கே அடித்த கம்பிப் பின் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த பின்னைப் பிடுங்க முயலாதீர்கள், தாள் கிழியும், குறித்து மட்டும் வையுங்கள். தலைப்பு, எண், ஆண்டு, நிலை என்று நான்கு பத்தி போட்ட ஒரு பட்டியல் போதும். இரட்டைப் பிரதிகள் கிடைத்தால் மோசமானதை வகுப்பில் கைக்குக் கை மாற்றிப் பார்க்க ஆசிரியரிடம் கொடுங்கள். அந்தக் காகிதத்தின் மெலிவையும் மணத்தையும் தொகுப்பு நூலில் காட்ட முடியாது.